பி.கே. ரோசி: தன் படத்தைப் பார்க்க மறுக்கப்பட்ட நாயகி

2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தேடுபொறி தன் முகப்புப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஓவியத்தை வைத்தது. மலையாளத் திரைப்படத்தின் முதல் நாயகியாகிய பி.கே. ரோசியின் 120ஆவது பிறந்தநாளுக்கான சிறப்பு அது. நம் மாணவர்களில் பலர் அன்றுதான் அப்பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டனர். அவர் நடித்த ஒரே படத்தின் பிரதி இன்று இல்லை. அவருடையதென்று சுற்றிவரும் ஒரே நிழற்படமும் அவருடையதுதானா என்ற ஐயத்துக்கு உட்பட்டது. ஒரு மொழியின் திரைக்கலை எவருடைய முகத்தோடு தொடங்கியதோ, அவருடைய முகமே உறுதியாகக் கிடைக்காத இந்நிலை தற்செயலாக உண்டானதன்று.

ரோசியின் வாழ்க்கை பெரும்பாலும் இரங்கத்தக்க கதையாகவே சொல்லப்படுகிறது. ஏழைப் பெண், திரைக்கனவு, வெறிக்கூட்டம், இரவோடிரவாகத் தப்பியோட்டம் என்று அக்கதை முடிந்துவிடும். சட்டம் பயின்று, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஒடுக்கப்பட்ட மக்களோடு நிற்கும் நாம் அதனை வேறு வரிசையில் படிக்க வேண்டியிருக்கிறது. பொது அரங்கில் அவருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. அவர்மீது தாக்குதல் நடந்தது. வீடு எரிக்கப்பட்டது. பிறந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார். இறுதியில் பெயரும் பறிபோனது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம். இவற்றுள் ஒன்றுக்கேனும் எவரும் தண்டனை பெற்றதாக வரலாறு பதியவில்லை. அக்குற்றங்களின் வரிசையிலேயே அவருடைய வாழ்க்கையை மீண்டும் சொல்லிப் பார்ப்போம்.

புல்லறுத்த கையும் கூத்தாடிய காலும்

1903இல் திருவனந்தபுரத்தின் நந்தன்கோட்டில், புலையர் குடும்பம் ஒன்றில் ராஜம்மா பிறந்தார். தந்தை பவுலோஸ், தாய் குஞ்ஞி. தந்தை முன்னரே இறந்துவிட, குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. இளம் வயதிலேயே ராஜம்மா புல் அறுத்துப் பிழைக்க வேண்டியவரானார். அவருடைய பெயர் ரோசம்மா என்றும் ரோசி என்றும் மாறியதற்கு இருவேறு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. குடும்பம் கிறித்தவத்தைத் தழுவியபோது வந்த பெயர் என்பது ஒன்று. திரைக்காக இயக்குநர் சூட்டிய பெயர் என்பது மற்றொன்று. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், இன்றைய சட்டத்தின் கண்ணில் அது மிகப் பெரியது. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

ரோசி பிறந்த காலத்துத் திருவிதாங்கூரில் புலையர்க்குப் பொதுச்சாலையும் பள்ளியும் சந்தையும் எளிதில் திறக்கவில்லை. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு கலகமாகக் கருதப்பட்டது. 1907இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையப் பெண்கள் மார்பை மறைக்க உரிமையின்றி, அடிமைக்குறியாகக் கல்லாலும் மணியாலும் ஆன மாலைகளைக் கழுத்தில் சுமந்தனர். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அம்மாலைகளை அறுத்தெறிந்த பெண்களின் போராட்டம் நடந்தபோது ரோசிக்கு 12 வயது. கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் நடந்த 1924-25ஆம் ஆண்டுகளில் அவர் இருபது வயதைக் கடந்திருந்தார். கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936இல்தான். அதாவது, ரவிக்கை அணிவதே போராடிப் பெற்ற உரிமையாக இருந்த தலைமுறையைச் சேர்ந்த பெண் அவர். அத்தகைய ஒருவர் உயர்சாதிப் பெண்ணின் உடையணிந்து கேமராவின் முன் நின்றதன் பொருளை இப்பின்னணியில்தான் உணர முடியும்.

ரோசி நேரே திரைக்கு வந்தவரல்லர். தென் திருவிதாங்கூரின் நாட்டார் கலையாகிய காக்காரிசி நாடகத்தில் அவர் தேர்ந்த கலைஞர். சிவனும் பார்வதியும் நாடோடி இணையராக மண்ணுலகில் அலைவதைப் பாட்டும் ஆட்டமும் உரையாடலுமாகச் சொல்லும் கூத்து அது. தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் நிகழ்வது. திரௌபதியம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை அறிந்த நம் ஊர் மக்களுக்கு அத்தகைய மேடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் தெருக்கூத்தில் பெண் வேடத்தையும் மரபாக ஆண்களே கட்டினர். ரோசியோ பெண்ணாக நின்று மேடையில் ஆடினார். மேடையேறும் பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று தூற்றிய காலம் அது. சாதியின் இழிவோடு அந்தத் தூற்றலையும் சுமந்துகொண்டுதான் அவர் கலைஞராக வளர்ந்தார். எனவே அவரை எதுவுமறியாத அப்பாவியாகச் சித்திரிப்பது, அவருடைய உழைப்பையும் தேர்ச்சியையும் இன்னொரு முறை பறிப்பதாகும்.

விகதகுமாரன்

இந்தியாவின் முதல் முழுநீளப் படமெனக் கருதப்படும் ராஜா ஹரிச்சந்திரா 1913இல் வந்தபோது அதில் நாயகியாக நடித்தவர் ஓர் ஆண். பெண்கள் நடிக்க முன்வராத நிலையே அதற்குக் காரணம். 1920களின் இறுதியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இச்சூழலில்தான் ஜே.சி. டேனியல் படமெடுக்கத் துணிந்தார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த நாடார் கிறித்தவரான அவர், தம் நிலத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தின் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விகதகுமாரன் என்ற மௌனப் படத்தை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, அதில் தாமே நாயகனாகவும் நடித்தார்.

தொலைந்த குழந்தை என்பது அத்தலைப்பின் பொருள். திருவிதாங்கூரின் செல்வக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறான். அவனுடைய தங்கை சரோஜினியே கதையின் நாயகி. நாயர் குடும்பத்துப் பெண். இவ்வேடத்துக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகை வரவழைக்கப்பட்டார். அந்த ஏற்பாடு முறிந்தது. அதன்பின் டேனியலின் தேடல் காக்காரிசி மேடையில் நின்ற ரோசியிடம் வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு 5 ரூபாய் கூலியில் பத்து நாள்கள் அவர் நடித்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

புலையப் பெண் ஒருவரை நாயர் பெண்ணாக நடிக்க வைத்த டேனியலின் துணிவை நாம் மதிக்கிறோம். தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல் அரசாணை பெற்ற சமூகத்திலிருந்து வந்தவர் அவர். இழிவின் வலியை அவருடைய முன்னோர் அறிவர். ஆயினும் ஒன்றைக் குறித்தாக வேண்டும். படம் தோற்றால் டேனியல் இழக்கக்கூடியது செல்வம். ரோசி இழக்கக்கூடியது வீடும் ஊரும் உயிரும். ஒரே படத்தில் பங்கேற்ற இருவருக்கும் ஆபத்து ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. கேளிக்கைத் தொழிலின் இருண்ட பக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: கூலி மிகக் குறைவாக இருப்பவரிடமே ஆபத்து மிக அதிகமாக வந்து சேர்கிறது.

அரங்கின் வாசல்

விகதகுமாரன் திருவனந்தபுரம் காபிடல் அரங்கில் 1928 நவம்பர் 7 அன்று திரையிடப்பட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. 1930 அக்டோபர் 23 என்று ஆய்வாளர் சிலர் பின்னர் நிறுவ முயன்றனர். நாள் எதுவாயினும் அன்று நடந்ததைப் பற்றிய நினைவு ஒன்றே. திரையிடலைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்டவர் மள்ளூர் கோவிந்த பிள்ளை. திருவிதாங்கூரின் புகழ்பெற்ற வழக்கறிஞர். ரோசி அரங்கில் இருந்தால் தாம் வர இயலாது என்று அவர் மறுத்தார். டேனியல் பணிந்தார். திரையில் நாயகியாக வரவிருந்தவர் அரங்கின் வெளியே நிறுத்தப்பட்டார்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரே இந்த விலக்கத்துக்கு முதற் காரணமாக இருந்தார் என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் எளிதில் கடந்துவிட இயலாது. கல் வீசியவர்களைப் படிப்பறிவற்ற கும்பல் என்று ஒதுக்கிவிடுவது வசதியானது. ஆனால் கல் எறியப்படுவதற்கு முன்பே, கற்றறிந்த ஒருவரின் சொல்லால் அவர் வெளியே தள்ளப்பட்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் அந்த முன்னுதாரணத்தைத்தான் தொடர்ந்தனர்.

படம் ஓடத் தொடங்கியது. நாயகன் நாயகியின் கூந்தலிலிருந்த மலரை முத்தமிடும் காட்சி வந்தபோது கூச்சல் எழுந்தது. திரையை நோக்கிக் கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. புலையப் பெண்ணொருத்தி நாயர் பெண்ணாகத் தோன்றுவதைச் சாதி இந்துக்கள் பொறுக்கவில்லை. அக்கோபம் அரங்கோடு நிற்கவில்லை. ரோசி தேடித் தாக்கப்பட்டார். அவருடைய குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது.

பின்னர் அப்படம் வேறு ஊர்களிலும் திரையிடப்பட்டது. அதாவது, ரோசியின் உருவம் ஊர் ஊராகச் சென்றது. அவர்மட்டும் தம் ஊரில் இருக்க முடியவில்லை.

நாகர்கோவிலின் ராஜம்மாள்

உயிர் தப்பிய ரோசி, நாகர்கோவில் நோக்கிச் சென்ற ஒரு லாரியில் ஏறிக்கொண்டார். அதனை ஓட்டிச் சென்ற கேசவ பிள்ளை அவருக்கு அடைக்கலம் தந்து, பின்னர் மணந்துகொண்டார். கேசவ பிள்ளை நாயர் சமூகத்தவர். ரோசி அங்கே ராஜம்மாளாக வாழ்ந்தார், மீண்டும் நடிக்கவில்லை. தம் கடந்த காலத்தை வெளியே சொல்லாமலே 1988இல் மறைந்தார்.

இதனைத் தமிழ்நாட்டுக்குத் தப்பிய கதையாகப் பலரும் எழுதுகின்றனர். ஆனால் அக்காலத்தில் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியே. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆக, ரோசி வேறோர் அரசின் எல்லைக்குள் சென்றுவிடவில்லை. அதே மன்னரின் காவல்துறையும் அதே நீதிமன்றங்களும் இருந்த நிலப்பரப்புக்குள்தான் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தள்ளி மறைந்து வாழ்ந்தார். அவரைத் தேடி நீதி வழங்க விரும்பிய ஓர் அரசுக்கு அது பெருந்தொலைவன்று.

திரையில் பத்து நாள்கள் நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டவர், எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் நாயர் குடும்பத்துப் பெண்ணாகவே கழிக்க நேர்ந்தது. முதல் நடிப்புக்குக் கூலி கிடைத்தது. இரண்டாம் நடிப்புக்குக் கிடைத்தது உயிர்ப் பாதுகாப்பு. அதற்கு விலையாக அவர் தந்தது தம் பெயரையும் கலையையும் உறவையும். சாதியை மறைத்து வாழும் வாழ்வின் கனத்தை, நகரங்களில் வாடகை வீடு தேடி அலைந்த நம் மாணவர்களும் ஓரளவு அறிவர். அதனைக் கோழைத்தனம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அப்படி மறைய வேண்டிய நிலையை உண்டாக்கியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிம்பத்தை நேசித்தலும் மனிதரை வெறுத்தலும்

நம் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களுள் ஓஷி நோ கோ ஒன்று. 2020இல் சித்திரக் கதையாகத் தொடங்கி 2023இல் தொடராக வந்தது. புகழின் உச்சியில் இருக்கும் ஐ ஹோஷினோ என்ற இளம் பாடகி, தாம் தாயான செய்தியை மறைத்து வாழ்கிறார். அதனை அறிந்த வெறிகொண்ட ரசிகன் ஒருவன் அவருடைய வீட்டு வாசலிலேயே அவரைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். கேளிக்கைத் தொழில் விற்பது ஒரு பிம்பத்தை. அப்பிம்பத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர் அதிலிருந்து சிறிது விலகினாலும் அன்பு கொலைவெறியாகிறது. இதுவே அத்தொடரின் மையம்.

அத்தொடரின் ஒரு பகுதி, நேரலைபோல் காட்டப்படும் நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்கும் இளம் நடிகை இணையவழி வசைகளால் தற்கொலையின் விளிம்புக்குத் தள்ளப்படுவதைப் பேசுகிறது. உண்மையிலும் ஜப்பானில் அத்தகைய நிகழ்ச்சியொன்றில் பங்கேற்ற மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா, வசைகளின் தாக்குதலுக்குப் பின் 2020 மே மாதம் தம் 22ஆவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாயின் இடையறாத போராட்டம் நாட்டை அசைத்தது. 2022இல் ஜப்பான் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, பொதுவெளியில் அவமதிப்பதற்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை உயர்த்தியது.

காபிடல் அரங்கில் நடந்ததும் பிம்பத்துக்கும் மனிதருக்கும் இடையிலான மோதலே. திரையில் தெரிந்த சரோஜினி அவர்களுக்கு வேண்டியவள். நாயர் பெண்ணின் அழகும் கண்ணியமும் உடையவள். அந்த அழகையும் கண்ணியத்தையும் ஒரு புலையப் பெண்ணின் உடல் உண்டாக்க முடிந்தது என்பதே அவர்களைக் கலங்கச் செய்தது. உயர்சாதிப் பெருமை பிறப்பிலேயே வருவது என்று நம்பியவர்களுக்கு, அதனை 5 ரூபாய்க் கூலிக்கு ஒருவர் நடித்துக் காட்டிவிட முடியும் என்பதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. ஜப்பானிய ரசிகன் தனக்கு மறைக்கப்பட்ட ஒரு செய்தியால் வெறிகொண்டான். இங்கே ரோசியின் பிறப்பு எவருக்கும் மறைக்கப்படவில்லை. அவர் எவரையும் ஏமாற்றவில்லை. தம் தொழிலை நன்றாகச் செய்தார். அதுவே அவர் செய்த குற்றமாயிற்று. பிற நாடுகளில் கேளிக்கைத் தொழிலின் கொடுமையைப் புகழின் நோய் என்று விளக்கிவிடலாம். நம் நாட்டில் சாதியைத் தவிர்த்துவிட்டு அதனை விளக்கவே இயலாது.

சட்டம் காத்த படமும் காக்காத பெண்ணும்

திருவிதாங்கூரில் சட்டம் உறங்கிக்கொண்டிருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். விகதகுமாரனுக்குப் பின் 1933இல் சி.வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்ட வர்மா நாவலைத் தழுவி அதே பெயரில் ஒரு மௌனப் படம் வந்தது. டேனியலின் உறவினரான சுந்தர்ராஜ் அதன் தயாரிப்பாளர். நாவலின் வெளியீட்டு உரிமை கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. உரிமை பெறாமல் படமெடுக்கப்பட்டதாக அந்நிலையம் நீதிமன்றத்தை நாடியது. உடனே நடவடிக்கை வந்தது. திரையிடல் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டுப் படச்சுருள் கைப்பற்றப்பட்டது. அச்சுருள் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்து, 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்று.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு புத்தகத்தின் உரிமை மீறப்பட்டபோது அரசின் கை சில நாள்களில் நீண்டது. ஒரு பெண்ணின் வீடு எரிந்தபோது அக்கை நீளவில்லை. சட்டம் தொட்ட படம் பிழைத்தது. சட்டம் தொடாத பெண் மறைந்தார். அவருடைய படமும் மறைந்தது. எஞ்சியிருந்த விகதகுமாரன் சுருள் டேனியலின் வீட்டிலேயே சிறுவரின் விளையாட்டில் தீக்கிரையானதாகச் சொல்லப்படுகிறது. எதனைச் சொத்து என்று ஒரு சமூகம் மதிக்கிறதோ அதற்கே ஆவணம் உண்டாகிறது. வழக்கு நடந்தால் மனு இருக்கும், ஆணை இருக்கும், கைப்பற்றுதல் பட்டியல் இருக்கும். வழக்கே இல்லாதபோது எஞ்சுவது வாய்மொழி மட்டுமே. ரோசியின் வாழ்க்கையில் பெயருக்கும் நாளுக்கும் இத்தனை மாறுபாடுகள் இருப்பது இதனால்தான்.

நினைவு எவ்வாறு மீண்டது

டேனியலும் அப்படத்தால் வீழ்ந்தார். நிறுவனம் மூடப்பட்டது, கருவிகள் விற்கப்பட்டன. பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் மறைந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் எழுத்துகள் அவரை மீட்டன. கேரள அரசு 1992இல் அவருடைய பெயரில் வாழ்நாள் சாதனை விருதை நிறுவியது. அவர் மலையாளத் திரையின் தந்தை ஆனார். ரோசிக்கோ அத்தகைய இடம் எதுவும் தரப்படவில்லை. 1970கள் தொடங்கி அவருடைய தடத்தைத் தேடித் தொகுத்து எழுதியவர் குன்னுகுழி எஸ். மணி. 2008இல் வினு ஆபிரகாம் நஷ்ட நாயிகா என்ற நாவலை எழுதினார். 2013இல் கமலின் இயக்கத்தில் செல்லுலாய்ட் திரைப்படம் வெளிவந்தது.

அப்படம் ரோசியின் பெயரைப் பரவலாக்கியது உண்மை. எனினும் தலித் பெண் ஆய்வாளர்கள் அதனைக் கூர்ந்து கேள்வி கேட்டனர். நாட்டார் மேடையில் பழகிய கலைஞர், கேமராவைக் கண்டு மிரளும் பேதையாகக் காட்டப்பட்டது ஏன்? கதையின் மையம் டேனியலின் தியாகமாகவே இருந்தது ஏன்? முதல் நாயகியாகத் தலித் பெண் இருந்த ஒரு திரைத்துறையில் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தலித் நாயகியர் எங்கே? ஜென்னி ரொவீனா முதலியோர் எழுப்பிய இவ்வினாக்கள் இன்றும் விடையற்று நிற்கின்றன.

2017 பிப்ரவரியில் கேரளத்தில் முன்னணி நடிகை ஒருவர் கடத்தப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். அதன்பின் உருவான திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் ரோசியின் பெயரில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியது. அப்பெண்களின் வலியுறுத்தலால் அமைந்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை அளித்தது. அது சில பகுதிகள் நீக்கப்பட்டு வெளியானது 2024 ஆகஸ்ட் 19 அன்று. நான்கரை ஆண்டுகளுக்கு மேல் அவ்வறிக்கை அரசின் பெட்டியில் கிடந்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதத்தையொட்டி ரோசியின் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. இவை ஆறுதல் தருவன. ஆனால் விழாவும் விருதும் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமே. உயிரோடிருக்கும் கலைஞருக்கு வேண்டியது பாதுகாப்பு.

இன்று ரோசி புகார் கொடுத்தால்

ரோசிக்கு நடந்த ஒவ்வொன்றையும் இன்றைய சட்டம் பெயரிட்டு அழைக்கிறது. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியால் தடை கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) உறுப்பு சொல்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தடையைக் குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துடன், இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைவதைத் தடுத்தால் 3(1) பிரிவின் ‘இசட்-ஏ’ உட்பிரிவு. வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்தால் ‘இசட்’ உட்பிரிவு. குடியிருப்பை அழிக்கும் நோக்கில் தீ வைத்தால் 3(2) பிரிவின் நான்காம் உட்பிரிவு. அதற்குரிய தண்டனை ஆயுள் சிறை. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது 18-ஏ பிரிவு. கடமை தவறும் அரசு அலுவலரைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 15-ஏ பிரிவும் உள்ளன. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்கின்றன விதிகள்.

இத்தனைக்கும் நடுவே ஒரு கதவு மூடியிருக்கிறது. ரோசியின் குடும்பம் கிறித்தவத்தைத் தழுவியிருந்தால், இன்றைய சட்டத்தின்படி அவர் பட்டியல் சாதியினர் அல்லர். புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே ஏற்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம், அவர் கிறித்தவ நம்பிக்கையைக் கடைப்பிடிப்பவர் என்று கண்டு, பட்டியல் சாதிச் சான்றிதழுக்கான கோரிக்கையை மறுத்தது. கிறித்தவராக மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது.

காபிடல் அரங்கில் கல்லெறிந்தவர்கள் ரோசியின் மதத்தைக் கேட்கவில்லை; அவருடைய சாதியை மட்டுமே கண்டனர். குற்றவாளி பார்க்கும் சாதியைச் சட்டம் பார்க்க மறுத்தால், அச்சட்டம் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்பதாகச் சொல்ல முடியாது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சேரிகளில் ஒரே தெருவில் அம்மன் கோயிலும் மாதா கோயிலும் இருக்கலாம். ஊர்த் தெருவில் தடை வரும்போது அவ்விரு வீட்டாரும் ஒரே காரணத்துக்காகத்தான் தடுக்கப்படுகின்றனர். சட்டத் திருத்தத்துக்கான கோரிக்கையை நாம் ரோசியின் பெயரால் எழுப்புவதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

மற்றொரு பணி நம் மாணவர்களின் கையில் இருக்கிறது. நம் ஊர்களில் பறையும் பம்பையும் முழக்குவோர், கூத்தாடுவோர், கரகம் எடுப்போர், பாட்டுக் கச்சேரிகளில் பாடி ஆடும் பெண்கள் ஆகியோரின் பெயர்கள் திருவிழா அழைப்பிதழ்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. குழுவின் பெயரோ ஏற்பாட்டாளரின் பெயரோ மட்டுமே அச்சாகிறது. கூலி வாய்மொழியில் பேசப்படுகிறது. இழிசொல்லோ அடியோ நேர்ந்தால் அது குடிபோதைத் தகராறாகவே எழுதப்படுகிறது. இவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும், ஆடிய நாளையும், பெற்ற கூலியையும் எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தைத் தாளில் கேளுங்கள். தடையோ தாக்குதலோ நேர்ந்தால் சாதியைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரை ஏற்க மறுத்தால் அஞ்சலில் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, அதன் சான்றைக் காத்து வையுங்கள். நீதிமன்றத்தில் அத்தாள் உடனே வெல்லாமல் போகலாம். ஆனால் அத்தாள் இருக்கும்வரை, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.